புழு போனது, துளை போகவில்லை

"அண்ணாச்சி, வைரஸ எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னிய. நேத்துலருந்து சிஸ்டம் தானா அணையுது, தானா வருது. பிள்ளைக போட்டோ கெடந்த ஃபோல்டரையும் காணல."

"நல்லா ஸ்கேன் பண்ணித்தான குடுத்தேன். இப்பவும் ஒண்ணும் காட்டலயே!"

புன்னைக்காயல், ஆத்தூர், காயல்பட்டினம் என்று எந்த ஊர்க் கணினிக் கடையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. இருவரும் பொய் சொல்லவில்லை. சோதனை மென்பொருள் "எதுவும் இல்லை" என்று பச்சை நிறத்தில் காட்டுவது உண்மை. கணினி நிலைகொள்ளாமல் தள்ளாடுவதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும்?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். மரத்தோணியும் மரப்படகும் ஓடிய காலத்தில் கடலோடிகளுக்குக் கப்பற்புழு பெரும் பகை. பெயர்தான் புழு. உண்மையில் அது இரட்டை ஓட்டு உயிர், இந்த முத்துக்குளித்துறைக்கு வாழ்வு கொடுத்த முத்துச்சிப்பிக்குத் தூரத்துச் சொந்தம். கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத குஞ்சாக நீந்திவந்து பலகையில் ஒட்டும். ஊசிமுனை அளவு துளை போட்டு உள்ளே போகும். உள்ளேயே வளர்ந்து மரத்தைக் குடைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுசாகத் தெரியும். இந்தப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு நன்னீர் ஆகாது. அதனால் படகை ஆற்றுக்குள் கொண்டுபோய்ச் சிறிது காலம் நிறுத்திப் புழுவைச் சாகடிப்பது உலகின் பல துறைமுகங்களில் இருந்த பழக்கம். புழு செத்துவிடும். ஆனால் அது குடைந்த சுரங்கம் தானாக மூடிக்கொள்ளாது. பலகையை மாற்றிக் கலப்பத்துப் பார்க்க ஆசாரி வர வேண்டும். நன்னீர் தச்சுவேலை செய்யாது.

ஆன்டிவைரஸ் என்பது நன்னீர். அதை ஆசாரி என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கணினிப் புழு என்பது என்ன? வைரஸ் இன்னொரு நிரலின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வாழ்வது. புழு தனி நிரல். வலையமைப்பு வழியாகவோ பென்டிரைவ் வழியாகவோ தன்னைத்தானே நகலெடுத்து அடுத்த கணினிக்குப் போகும். கடைப்பேச்சில் இரண்டுமே வைரஸ்தான், அதில் தவறில்லை. புழுவுக்கு மூன்று தேவைகள் உண்டு: கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானும் ஓட வேண்டும், யாரும் தன்னை நீக்கிவிடக் கூடாது, பரவ வேண்டும். இந்த மூன்றுக்காகவும் அது விண்டோஸின் அமைப்புகளையே மாற்றி எழுதுகிறது. ரெஜிஸ்ட்ரி என்ற பதிவகத்தில் ஒரு வரியைச் சேர்க்கும். புதுப்பிப்புச் சேவையை நிறுத்திவைக்கும். சில கோப்புகளை மறைக்கும்.

மாற்றி எழுதப்பட்ட இந்த அமைப்புகள் எதுவும் புழு அல்ல. நிறுத்திவைக்கப்பட்ட புதுப்பிப்புச் சேவை ஒரு சாதாரண அமைப்பு. இணையக் கட்டணத்துக்குப் பயந்து நீங்களே கூட அதை நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்தியது என்று ஆன்டிவைரஸுக்குத் தெரியாது. கெட்ட நிரலைத் தேடி அழிப்பது அதன் வேலை. உங்கள் விருப்பங்களில் கை வைக்க அது தயங்குகிறது, தயங்கவும் வேண்டும். ஆகவே "எதுவும் இல்லை" என்ற பச்சை அறிவிப்புக்கு "எனக்குத் தெரிந்த கெட்ட நிரல் எதுவும் இப்போது இல்லை" என்பது மட்டுமே பொருள். கணினி நலமாக இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை.

இதைத் தெளிவாகக் காட்டியது கான்ஃபிக்கர். 2008 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் ஓர் அவசரத் திருத்தத்தை, கடைக்காரர்கள் பேட்ச் என்று சொல்வதை, வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளில் அடுத்த மாதமே கான்ஃபிக்கர் புகுந்தது. உலகெங்கும் பல லட்சம் கணினிகளைப் பிடித்தது. எழுதியவர்களைப் பிடிக்க உதவுவோருக்கு மைக்ரோசாஃப்ட் 2,50,000 டாலர் பரிசு அறிவித்தது. இந்தப் புழு விண்டோஸ் புதுப்பிப்பையும் அதற்குத் துணையாகப் பின்னணியில் பதிவிறக்கும் சேவையையும் நிறுத்தியது. பிழை அறிவிக்கும் சேவையையும் நிறுத்தியது. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மீட்புப் புள்ளிகளை அழித்தது. பின்னால் வந்த வகைகள், பழுது பார்ப்பவர் கடைசியாக நம்பியிருக்கும் சேஃப் மோடுக்கான பதிவுகளையே பதிவகத்திலிருந்து நீக்கின. வீட்டை உடைத்தவன் ஏணியையும் சேர்த்துத் தூக்கிப் போன கதை.

அதே புழு இன்னொன்றும் செய்தது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் தளங்களுக்கு யாரும் போகாதபடி, முகவரி தேடும் நிரலை நினைவகத்தில் திருத்தி வைத்தது. முன்பு சொன்ன மாற்றங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நினைவகத்தில் செய்த திருத்தம் புழு ஓடும்வரைதான். புழுவை நீக்கி மறுதொடக்கம் செய்தால் அதுவும் போய்விடும். பதிவகத்தில் எழுதியது வட்டில் கிடக்கிறது. புழு போனாலும் இருக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கொண்டே ஓர் அழகான சோதனையை உருவாக்கினார் ஜோ ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர். கண் மருத்துவர் காட்டும் எழுத்து அட்டையைப் போல ஒரு பக்கம். அதில் சில படங்கள்: பாதி ஆன்டிவைரஸ் தளங்களிலிருந்து வருபவை, மீதி வேறு சாதாரணத் தளங்களிலிருந்து வருபவை. எல்லாப் படங்களும் தெரிந்தால் கான்ஃபிக்கர் ஓடவில்லை. சாதாரணப் படங்கள் தெரிந்து, ஆன்டிவைரஸ் படங்கள் மட்டும் தெரியாவிட்டால், புழு உயிரோடிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எதுவுமே தெரியாவிட்டால் இணையத்தில்தான் கோளாறு. எதையும் நிறுவ வேண்டாம், பார்த்தாலே போதும். நம் கடைக்காரருக்கும் முதலில் தேவைப்படுவது இந்த வகைக் கேள்விதான்: புழு இன்னும் ஓடுகிறதா, அல்லது அது விட்டுப்போன சேதம் மட்டுமா? பாதுகாப்புத் தளங்கள் திறந்து, புதுப்பிப்பு மட்டும் ஓடாமலிருந்தால், நிறுத்தப்பட்ட சேவையைத் திரும்ப இயக்கினால் போதும். மறுபடி மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருப்பது நேர விரயம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: அந்தக் கணினியில் புழுவே இல்லாமலிருக்கலாம், ஆனாலும் புழுவால்தான் அது விழுந்துகொண்டிருக்கலாம். 2003 ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் இதற்குச் சாட்சி. அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் போனவர்களுக்கு நினைவிருக்கும்: திரையில் ஒரு சிறு பெட்டி, 60 வினாடிக் கணக்கு இறங்கிக்கொண்டே வரும், கணினி அணைந்து திரும்ப எழும். பாதி அடித்த விண்ணப்பம் காணாமல் போகும். ஆனால் கணினியை அணைப்பது பிளாஸ்டரின் நோக்கமே அல்ல. விண்டோஸ் எக்ஸ்பியையும் 2000-ஐயும் தாக்குவதற்கு வெவ்வேறு நினைவக முகவரிகள் வேண்டும். எதிரே இருப்பது எது என்று பார்க்காமல் அது குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்து அனுப்பியது. ஊகம் சரியானால் புழு சத்தமில்லாமல் உள்ளே போகும். தவறினால், தாக்கப்பட்ட அடிப்படைச் சேவை நொறுங்கும். அது இல்லாமல் நிற்க முடியாது என்று விண்டோஸ் தன்னை அணைத்துக்கொள்ளும். அதாவது, விழுந்து விழுந்து எழும் கணினியில் பல நேரம் புழு நுழையத் தோற்றிருந்தது.

பிளாஸ்டர் நுழைந்த துளையை அடைக்கும் திருத்தம் ஜூலை 16 அன்றே, தாக்குதலுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்பே, வெளியாகியிருந்தது. அதைப் போடாமல் புழுவை மட்டும் எடுத்தவர்களின் கணினிகள், அதே வலையிலிருந்த மற்ற கணினிகள் அனுப்பிய தாக்குதலால் திரும்பத் திரும்ப விழுந்தன. இங்கே ஒரு கிளைக்கதை. பிளாஸ்டர் வந்த ஒரு வாரத்தில் வெல்ச்சியா என்று இன்னொரு புழு கிளம்பியது. பிளாஸ்டரை அழித்து, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தையும் இறக்கிப் போட்டுவிட்டு, 2004 பிறந்ததும் தன்னை அழித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்ட "நல்ல" புழு. அடுத்த கணினியைத் தேடி அது அனுப்பிய சோதனைச் செய்திகளின் வெள்ளத்தில் அலுவலக வலையமைப்புகள் மூச்சுத் திணறின. கேட்காமல் வீட்டுக்குள் வந்து பெருக்கியவரால் நேர்ந்த தொல்லை.

இனி, காணாமல் போன போட்டோக்கள். நம் ஊர்களில் இணையத்தைவிடப் பென்டிரைவ்தான் புழுக்களின் பெருவழி: ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, கல்லூரி லேப், திரும்ப வீடு. ஒரு வகைப் புழு உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழிச் சின்னத்தை வைக்கும். நீங்கள் திருமணப் படம் என்று தட்டினால் புழு முதலில் ஓடும், பிறகு படமும் திறக்கும், சந்தேகமே வராது. ஆன்டிவைரஸ் புழுவையும் போலிச் சின்னத்தையும் அழித்துவிடும். மறைத்தது மறைத்தபடியே இருக்கும். படங்கள் ஒரு பைட்டுகூடக் குறையாமல் வட்டிலேயே கிடக்கின்றன. "மறைந்தது", "கணினிக்கு உரியது" என்ற இரண்டு அடையாளங்களை நீக்கினால் வந்துவிடும். அட்ரிப் என்ற பழைய கட்டளை ஒரே வரியில் அதைச் செய்யும். இது தெரியாமல் பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டு அழுதவர்கள் பலர். கணினி திறந்ததும் "இந்தக் கோப்பைக் காணவில்லை" என்று வரும் அறிவிப்பும் இந்த இனம்தான். புழுவின் கோப்பு போய்விட்டது, அதை ஓட்டச் சொல்லும் வரி மிச்சமிருக்கிறது. பெரும்பாலும் தொல்லையில்லாத எச்சம். அந்த வரியை அழித்தால் முடிந்தது.

எல்லா எச்சமும் இப்படிச் சாதுவானதல்ல. கடவுச்சொல் கொடுத்ததும் எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று பதிவகத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் தன் பெயரை எழுதிக்கொள்ளும் நச்சுநிரல்கள் உண்டு. கோப்பை அழித்து வரியைத் திருத்தாமல் விட்டால், கடவுச்சொல் கொடுத்த அடுத்த கணமே கணினி உங்களை வெளியே தள்ளிவிடும். இணையத் தகவல் கடந்துபோகும் வழியில் தன்னை ஒரு படியாக நுழைத்துக்கொண்டதை அழித்தால், பாதை அறுந்து இணையமே நின்றுவிடும். வயரில் ஒரு குறையும் இருக்காது.

இந்த ஆபத்தை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நன்றாக உணர்ந்திருந்தது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நச்சுநிரல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் முகவரித் தேடலைத் தன் சர்வர்களுக்குத் திருப்பியிருந்தது. 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் அதை நடத்திய கூட்டத்தைப் பிடித்தபோது அந்த சர்வர்களை அணைத்திருந்தால் அத்தனை பேரின் இணையமும் ஒரே நாளில் நின்றிருக்கும். நீதிமன்ற உத்தரவு பெற்று அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். திருடன் சிறைக்குப் போன பிறகு எட்டு மாதம் அவன் கடையை அரசாங்கம் நடத்தியது.

வைத்தியமே நோயான கதையும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஒரு கோப்பையே நச்சுநிரல் என்று தவறாகப் பிடித்து ஒதுக்கியது. எந்தப் புழுவும் இல்லாத கணினிகள் அணைந்து அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கடை அளவில் இதன் சிறு வடிவம், பயத்தில் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களை நிறுவுவது. திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் எல்லாமே ஒரே நேரத்தில் பிடித்து ஆராயும்போது கணினி உறையாமல் என்ன செய்யும்? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

புழு உண்மையிலேயே ஒளிந்திருக்கவும் கூடும். 2010 பிப்ரவரி 9 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் மையமான கருவகத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. போட்டுக்கொண்ட பலருக்கு நீலத்திரை. கணினி எழவே இல்லை. திருத்தம்தான் கோளாறு என்று எல்லோரும் கத்தினார்கள். விழுந்த கணினிகளைப் பிரித்துப் பார்த்தபோது அவற்றில் ஆலூரியான் என்ற நச்சுநிரல் ஆன்டிவைரஸ் கண்ணுக்கே படாமல் குடியிருந்தது தெரிந்தது. கருவகத்தின் உறுப்புகள் இன்ன இடத்தில் இருக்கும் என்று அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது. திருத்தம் அந்த இடங்களை நகர்த்தியது. பழைய இடத்தில் கை வைத்த நச்சுநிரல் கணினியோடு சேர்ந்து விழுந்தது. சில நாட்களில் அதன் ஆசிரியர்கள் தங்கள் நிரலைத் திருத்தி வெளியிட்டார்கள். அவர்களுக்கும் வாடிக்கையாளர் கவலை! ஈரானின் அணு எரிபொருள் எந்திரங்களைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் 2010-இல் அகப்பட்டதும் இப்படித்தான். ஈரானில் ஒரு கணினி காரணமின்றி மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருந்தது. பெலாரஸின் ஒரு சிறு நிறுவனம் அதைத் தோண்டியது. அந்தப் புழு அதிகம் பரவிய நாடுகளின் பட்டியலில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இருந்தது இந்தியா.

இத்தனை சாத்தியங்களில் நம் கடைக்கணினிக்கு எது என்று எப்படி அறிவது? நான் மதிக்கும் மெக்கானிக்குகள் முதலில் விண்டோஸைக் கேட்பதே இல்லை. சந்தேகத்துக்கு உரியவரிடமே வாக்குமூலம் வாங்கி என்ன பயன்? சுத்தமான பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை ஏற்றி ஒரு மணி நேரம் ஓட விடுவார்கள். அப்போதும் அணைந்தால் புழுவின் மேல் பழி போட முடியாது. வட்டிலுள்ள விண்டோஸ் ஓடவே இல்லையே. சூடு, மின்வழங்கி, நினைவகச் சில்லு என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடிக் கரையில் இது அடிக்கடி நடக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு தூசியோடு படிந்து ஈரத்தை இழுத்து, மின்தொடர்புகளை மெல்ல அரிக்கும். நினைவகச் சில்லைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் "வைரஸ்" போய்விட்ட கணினிகள் ஏராளம். லினக்ஸில் நன்றாக ஓடினால் வெளியே நின்றபடியே வட்டை ஸ்கேன் செய்யலாம். விண்டோஸ் ஓடாதபோது ஒளிந்திருப்பவனால் பொய் சொல்ல முடியாது.

அடுத்தது சேஃப் மோடு. அவசியமான இயக்கிகளை மட்டும் ஏற்றும் நிலை அது. அதில் கணினி அணையாமல் ஓடினால், குற்றவாளி பிறகு சேர்ந்தவற்றில் ஒன்று. அவற்றில் பாதியை நிறுத்திப் பாருங்கள். கோளாறு போனால் நிறுத்திய பாதியில் இருக்கிறது, போகாவிட்டால் மற்ற பாதியில். 32 நிரல்கள் இருந்தாலும் ஐந்து முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்கும். விண்டோஸின் கோப்புகள் சிதைந்தனவா என்பதற்கும் வழி உண்டு. ஒரு கோப்பின் எல்லா எழுத்துகளையும் ஒரு கணக்கில் போட்டால் ஒரு நீண்ட எண் கிடைக்கும். ஒரு எழுத்து மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். எஸ்எஃப்சி என்ற கட்டளை இப்படிப் பெற்ற எண்களை மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட எண்களோடு ஒப்பிட்டு, பொருந்தாத கோப்பை மாற்றி வைக்கும். ஆசாரி வேலையில் ஒரு பகுதி இது. இவற்றோடு நிகழ்வுப் பதிவில் நேரத்தையும் பாருங்கள். தினமும் ஒரே மணிக்கு அணைந்தால் யாரோ வேளை குறித்து வைத்திருக்கிறார்கள். வேலை கூடும்போதெல்லாம் அணைந்தால் சூடு.

பின்னால் நடந்தது என்பதாலேயே முன்னால் நடந்ததுதான் காரணம் என்று ஆகாது. புன்னைக்காயலிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் நச்சுநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்தது என்றும், அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி என்றும், முக்கியமான உள்வலையமைப்பிலிருந்து பிரிந்தே இருந்தது என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் டிட்ராக் என்று அடையாளம் கண்ட அது புழு அல்ல, உளவுநிரல். அதே அக்டோபர் 19 அன்று இரண்டாம் உலை நின்றிருந்தது. நீராவிக் கலனில் நீர்மட்டம் குறைந்ததே காரணம் என்று செய்திகள் கூறின. பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். தேதிகள் நெருங்கியிருப்பதற்கு மேல் அந்த முடிச்சுக்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை.

எதுவரை பழுது பார்ப்பது? 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சுநிரல் தாக்கியபோது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் கப்பல் குழுமம் நடத்திய சரக்குப்பெட்டக முனையமும் முடங்கியது. மெர்ஸ்க் கணினி கணினியாகச் சுத்தம் செய்துகொண்டிருக்கவில்லை. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாகவே நிறுவியது. அதற்குத் தேவையான முக்கியத் தரவு கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் பிழைத்திருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை.

என் தீர்ப்பும் புதிதாக நிறுவுவதுதான். அரை நாள் சோதித்தும் காரணம் சிக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். லினக்ஸ் வழியாகப் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுங்கள். நிரல் கோப்பு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். வட்டை அழித்துப் புதிதாக நிறுவி, திருத்தங்களை எல்லாம் போட்ட பிறகு நகல் வைத்த பென்டிரைவைச் செருகுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். எதை நிறுவுகிறீர்கள் என்பதையும் பாருங்கள்: விண்டோஸ் 7-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் நின்றுவிட்டன. புதிய விண்டோஸ் ஏறாத பழைய கணினி என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது இணைய வயரைக் கழற்றிவிட்டுத் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.